திக்காமல் பேசிய பிள்ளை

நான் படிப்பிக்கிற கம்பஸ் ஆட்கள் இல்லாத நண்பர் லிஸ்டுக்கு மட்டும் இதைப் போடுகிறேன்.

முதலாம் வருடப் பிள்ளைகளின் மேடைப் பயத்தைப் போக்க இன்று ஒரு வகுப்பு எடுத்தேன். முதல் பயிற்சி மிகச் சுலபம். முன்னுக்கு வந்து பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம் சொல்ல வேண்டும்.

எல்லோரும் திக்கினார்கள். ஒரு பிள்ளை மட்டும் கைகளைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து நின்று, உரத்த குரலில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"பாத்தீங்களோ, பயமில்லாமல் கதைக்கிறது இப்பிடித்தான்!" என்று கைதட்டினேன். உதவிக்கு வந்திருந்த மூன்றாம் வருடப் பெடியன் பின்னால் நின்று என்னைவிடப் பலமாகத் தட்டினான். மற்றப் பிள்ளைகள் ஒருவரும் தட்டவில்லை.

பின்னேரம் முல்லைத்தீவு பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்து சீட்.

"இப்பிடிக் கதைக்க எங்க பழகினனீர்?" என்று கேட்டேன்.

"சீனியர்மார் ஒவ்வொரு நாளும் மறிச்சு வைச்சு இதைத்தான் கேக்கிறவை மிஸ். கை பின்னால இருக்கோணும். திக்கினால் திரும்ப முதல்ல இருந்து சொல்லோணும்."

"அப்ப இண்டைக்குப் பயமில்லையோ?"

"எங்களை மறிக்கிற அந்த அண்ணா பின்னுக்கு நிண்டவர். பயத்திலதான் மிஸ் திக்காமல் சொன்னனான்."

பஸ் நெடுங்கேணியைத் தாண்டியது. பிறகு, "நிர்வாகத்திட்டச் சொல்லட்டோ?" என்றேன்.

"ஐயோ மிஸ், என்ர பேரைச் சொல்லிப்போடாதேங்கோ."

காலையில் அதே பெயரை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னவள்.

இப்போது அந்தப் பெடியனிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது: "நல்ல வகுப்பு மிஸ். அடுத்த கிழமையும் உதவிக்கு வாறன்."

அடுத்த கிழமைப் பயிற்சி, எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டுப் பாடுவது. சீனியர்மாரின் தயவில் அதிலும் சில பிள்ளைகள் நன்றாகத் தேறியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவள் பெயர் வெளியே வராமல் இவனுக்கு என்ன பதில் போடலாம், சொல்லுங்கள். பேசப் பழக்குகிற எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.