ஒரு சிட்டிகை பவுடர்

பீர்க்கன்கரணையில் எங்கள் பக்கத்து வீட்டு சாராள் அக்கா, ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைப்பவர். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது, வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

மேட்டில் அடுக்குமாடி வந்ததிலிருந்து, பெருமழை பெய்தால் அங்குள்ள கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, ஒரு குழாய் வழியாக மழைநீர்க் கால்வாயில் கொட்டும். கால்வாய்க்குப் பத்தடியில் அக்காவின் கிணறு. 2004இல் அவர் மகள் சுஜிக்கு டைபாய்டு வந்து, பத்தாவது பரீட்சை போயிற்று. குழாயை அடைக்கச் சொல்லி அக்கா பேரூராட்சி ஆபீஸில் மூன்று மனு கொடுத்தார். “சாக்கடை கலக்குதுன்னு ஆதாரம் இன்னா கீது?” என்று அனுப்பிவிட்டார்கள்.

மறு வருடம், கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்க ஒரு கல்லூரியிலிருந்து வைத்தீஸ்வரன் சார் நான்கு பாட்டில்களோடு வந்தார்.

“மழை பிடிச்சதும் முதல்ல வர்ற தண்ணிதாம்மா மோசம். அதைப் பிடிச்சு வைங்க. எத்தனை கிருமின்னு எண்ணிக் குடுத்துடுறேன். அப்புறம் யாரும் ஆதாரம் கேக்க முடியாது.”

மழை கொட்டியது. அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி நான்கையும் நிரப்பினார். பிறகு எங்கள் வீட்டுச் சுவரோரம் வந்தார்.

“ஏம்மா, பிளீச்சிங் பவுடர் வச்சிகினு கீறியா?”

“எதுக்குக்கா?”

“மூடியத் தொறந்தா கொடலப் பொரட்டுது. சார் வெள்ளச் சட்டை போட்டுகினு வருவாரு. நம்ம வூட்லருந்து போறது, மானம் போயிடும்.”

கொடுத்தேன். பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி, வெளியே துடைத்து, துணியில் சுற்றிவைத்தார். எனக்கும் அது நல்ல காரியமாகவே பட்டது.

மறுநாள் சார் வந்து பாட்டில்களை எடுத்துப்போனார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். கிருமி இல்லை என்று முடிவு வந்திருந்தது.

“இதுல ஏதாவது கலந்தீங்களா?”

“பவுடர்தான் சார். நாத்தம் வரக்கூடாதுன்னு.” அக்கா சிரித்தபடிதான் சொன்னார்.

சார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “கிருமியெல்லாம் பாட்டில்லயே செத்துப்போச்சும்மா. சொல்லிக் குடுக்காதது என் தப்பு.”

“வேற பாட்டில் குடு சார், புடிச்சுத் தரேன்.”

“மழை விட்டுடுச்சே. முடிவும் ஆபீஸுக்குப் போயிடுச்சு.”

நான்காவது மனுவுக்கு நானும் கூடப் போனேன். குமாஸ்தா காகிதத்தை எடுத்துக் காட்டினார். “உங்க கால்வாய்ல கிருமியே இல்லியாம். பாட்டில்ல அடைச்சு விக்கலாமேம்மா.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா பவுடர் போட்டதைச் சொன்னார். இன்னும் சிரித்தார்கள். கொடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறு மழைக்கு முன்பே அக்கா சுஜியைக் கூடுவாஞ்சேரியில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குழாய் அப்படியே இருக்கிறது.