விரதக்காரர் வீட்டுக்குப் போன கிறிஸ்மஸ் கேக்

எங்கள் ஊரில் நான் ஃபாரினில் இருப்பதாகப் பேச்சு. நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அங்கே யாரிடமும் டிசம்பரில் கொழும்பில் பனி பெய்யாது என்று சொல்லி நம்பவைக்க என்னால் முடியவில்லை. "ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கோ மக்களே" என்று அம்மா வாட்ஸ்அப்பில் சொல்லும்போது, நான் வெள்ளவத்தைச் சந்து ஒன்றில் ஏணிமேல் நின்று வியர்த்து வழிந்தபடி காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருப்பேன். ஊருக்குப் போய்வரலாம்தான். ஆனால் உலகத்தில் எல்லாருக்கும் கிறிஸ்மஸுக்கு லீவு உண்டு, சபை ஊழியக்காரிக்கு மட்டும் கிடையாது. கேரல், பிள்ளைகளின் நாடகம், நோயாளிகள் வீடு என்று தலைக்குமேல் வேலை. நாடகத்து இடையர்களுக்குத் தாடி ஒட்டுவதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

எங்கள் ஜெபக்கூடம் வெள்ளவத்தையில். நான் வாடகைக்கு இருப்பது கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில், ஒரு கத்தோலிக்க வீட்டின் மேல் அறையில். வீட்டுக்கார ஆன்ட்டி வாய் ஓயாதவர், கையும் ஓயாதவர். அவருடைய மகனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவன் காதலித்துக் கட்டியது யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுப் பெண்ணை. கல்யாணத்துக்குப் பெண்ணின் அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மனைவியை இழந்த அந்த மனிதர் தனியாக இருந்தது வெள்ளவத்தையில், எங்கள் ஜெபக்கூடத்துக்கு நேர் எதிரே உள்ள ஃபிளாட்டில்.

பிறகென்ன, பார்சல் சுமக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஆன்ட்டி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ரவையும் கஜு என்கிற முந்திரிப்பருப்பும் பேரீச்சம்பழமும் போட்டு, பிராந்தியில் ஊறவைத்து, முட்டையைத் தாராளமாக உடைத்து ஊற்றி ஒரு கேக் செய்வார். துண்டு போட்டுக் கலர்த்தாளில் சுற்றி டின்னில் அடுக்கி, "சம்பந்திக்குக் குடுங்க" என்று என் கையில் திணிப்பார். மருமகள் பின்னால் நின்று டின்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவேன். அவர் கதவைத் திறந்து, "நாங்கள் இது சாப்பிடுறேல்லை, பிள்ளை" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். சாயங்காலம் டின் அப்படியே கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும். அன்று இரவு அந்தப் பெண் சாப்பிட மாட்டாள்.

மூன்றாவது வருசமும் அதே பதிலைச் சொல்லிக் கதவில் கை வைத்தார். எனக்கு வந்ததே கோபம்! ஊழியக்காரி பொறுமையாக இருக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ. "ஏன் சார், கிறிஸ்தவங்க வீட்டுப் பலகாரம் தொட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கதவை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன கதை கதைக்கிறீர்? நான் படிச்சதே உங்கட ஆக்கள் நடத்தின பள்ளிக்கூடத்தில. ஃபாதர்மாரோட இருந்து சாப்பிட்டு வளந்தனான். இப்ப பிள்ளையார் கதை விரதம், பிறகு திருவெம்பாவை விரதம். விரத நாளில முட்டையும் பிரண்டியும் போட்டதை அனுப்பினால் நான் என்ன செய்யிறது?"

எங்கள் கிராமத்தில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், மீதிப்பேரும் எங்கள் வீட்டுக் கேக்கை வாங்கித் தின்கிறவர்கள். மார்கழி விரதம் என்று ஒன்று இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. கொட்டாஞ்சேனைக் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையில் பாடுவதைத் தினம் கேட்கிறேன், அப்படியும்!

அவர் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்குத் தெரியாது, சரி. அவளுக்குத் தெரியும்தானே? சின்னனிலயிருந்து என்னோட சேர்ந்து விரதம் பிடிச்ச பிள்ளை. அப்பன்ர விரதத்தையும் மறந்திட்டாள் பாரும்." கண் கலங்கியதை மறைக்கத் திரும்பிக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுக்களைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா விரதம்னு நீ ஏன் ஆன்ட்டிகிட்ட சொல்லவேயில்ல?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மாமி எவ்வளவு ஆசையாச் செய்யிறா. அதை அப்பா தின்னமாட்டார் எண்டு எப்பிடியக்கா சொல்லுறது? என்னில கோபம் ஆறியிருந்தால், தான் தின்னாட்டியும் வாங்கி ஆருக்கும் குடுப்பார்தானே எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அடக் கடவுளே! மகள் மறந்துவிட்டாள் என்று அப்பா அங்கே. அப்பா வெறுத்துவிட்டார் என்று மகள் இங்கே. நடுவில் டின்னைத் தூக்கிக்கொண்டு நான். ஒவ்வொரு டிசம்பரிலும் சமாதானம் சமாதானம் என்று தொண்டை கிழியப் பேசுகிறவள்!

எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட ஆன்ட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயோ ஆண்டவரே, அந்த மனுசன் விரதம் இருக்க நான் முட்டையக் கலந்து அனுப்பியிருக்கேனே! ஏன் மகள், என்னட்ட ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா? நான் என்ன பேயா?"

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். கிறிஸ்மஸுக்கு மசாலா தடவி வைத்திருந்த பன்றி இறைச்சிச் சட்டி பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கருவாட்டுப் பெட்டியும் கூடவே போனது. அடுப்பு, தரை, கதவுப்பிடி எல்லாம் கழுவப்பட்டன. மகன் சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கிவந்தான். இருபத்துநாலாம் தேதி காலையில் அந்தப் பெண் தலைக்குக் குளித்து, வறுத்த பயற்றமாவில் பயத்தம் பணியாரம் பிடித்துப் பொரித்தாள். ஆன்ட்டி அடுக்களை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நான் காலையில மீன் தின்னவ, தொடமாட்டேன்" என்று அங்கேயே நின்று, "மகள், எண்ணெய் காயுது, நெருப்பைக் குறைங்க" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். உருண்டைகள் ஒன்று சின்னதும் ஒன்று பெரிசுமாக வந்தன. இரண்டு உடைந்தன. எனக்கும் ஆன்ட்டிக்கும் அவைதான் கிடைத்தன.

மீதியைக் கழுவிய டின்னில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்தார். வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தவர், வாசனை பட்டதும் நிறுத்திவிட்டார்.

"ஆர் சுட்டது?"

"உங்க மக. குளிச்சிட்டு, புதுச் சட்டியில. முட்டை இல்ல, ஒண்ணும் இல்ல. அவ எதையும் மறக்கல சார். மாமியார் மனசு நோகுமேன்னு வாய திறக்காம இருந்திருக்கா."

அவர் இரண்டு கையாலும் டின்னை வாங்கி உள்ளே போனார். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். போவதா இருப்பதா என்று தெரியாமல் நான் வாசலில் நின்றேன். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"பிள்ளைக்கு இஞ்ச வர வழி தெரியாதோ?"

படிக்கட்டிலேயே நின்று போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும். ஆன்ட்டி போனைப் பிடுங்கி, "என்னவாம்? வரச் சொன்னாராமா?" என்று கத்திவிட்டு, என் பதிலை வாங்கியதும் மகனிடம், "ஆட்டோவப் பிடிடா! கிறிஸ்மஸ் வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மத்தியானம் வந்தாள். புருசன் சந்து முனையிலேயே நின்றுவிட்டான். அவள் படியேறி வாசலில் நின்றாள். மாமியாரின் கைப்பக்குவத்தில் அவள் இந்த மூன்று வருசத்தில் நன்றாகச் சதை போட்டிருந்தாள், கன்னமெல்லாம் உப்பியிருந்தது. அப்பா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றார்.

எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிற நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. கீழே வந்து, இடையர்களுக்குத் தாடி ஒட்டவேண்டிய நேரத்தில் ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கொஞ்ச நேரத்தில் மேல் ஜன்னல் திறந்தது. அவர் சந்து முனையைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"மருமகன், வெயிலுக்க நிண்டு என்ன செய்யிறீர்? மேல வாரும்."