தொக்காரியனுக்கு ஏழு நிமிஷம்

பிளேஸ்டோ ரயில் நிலைய வாசலில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட் வாங்கிப் பெட்டியில் போடுகிற சிவானந்தனுக்குச் சனங்கள் வைத்த பட்டம் ‘தொக்காரியன்’. லண்டனுக்கு வந்தால் மட்டும் யாழ்ப்பாணத்தார் பட்டம் வைக்கிறதை விட்டுவிடுவார்களா என்ன?

குற்றம் அவர் பேரிலும் உண்டு. நூலகத்தில் கழித்துப் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து வந்து வாசித்த நாள் முதல் மனுசனுக்கு வேறு பேச்சில்லை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் சீனாவின் மேற்குப் பாலைவன ஓரத்தில் வாழ்ந்தவர்கள் தொக்காரியர். அவர்கள் பேசியது ஐரோப்பிய மொழிகளுக்கு உறவுக்கார மொழி. இன்று அதைப் பேச ஒரு காக்காய் குருவி இல்லை. இதைத் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் இரண்டு வருஷம் மேடையேறிச் சொன்னார். இரண்டு முறையும் மொழிகளின் வம்சாவளியிலிருந்து தொடங்கினார். தொக்காரியருக்கு வந்துசேர முன்னமே சபை வடைக்குப் போய்விட்டது.

எண்பத்தெட்டில் செயலாளர் பாஸ்கரன் ஏழு நிமிஷம் கொடுத்தார், அதுவும் சாப்பாட்டுக்குச் சற்று முன். இந்த முறையும் ஒருவரும் கேட்காவிட்டால் இனி மேடைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மனைவி கனகாம்பிகையிடம் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் சிவானந்தன் ஏறினார்.

ஏறினால், பின்வரிசை எழும்பத் தொடங்கிவிட்டது. வடை மணம் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. சிவானந்தன் வம்சாவளித் தாளை மடித்துப் பையில் வைத்தார். புத்தகத்தில் அவருக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு: தொக்காரியர் நாட்டு வழிக்காவலில் வணிகர் காட்டிய மரப்பலகைப் பாஸ். கோயிலில் புராணம் படிக்கிறவர் மாதிரி அதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“இவர் போறார். கூட ஆக்கள் ஏழு, கழுதை நாலு, மாடு ஒண்டு. போக விடு. இதுக்கு மேல ஒண்டையும் விடாதை.”

எழும்பினவர்கள் நின்றுவிட்டார்கள். ஊரில் ஏதோ ஒரு சோதனைச்சாவடியில் பாஸ் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்காதவர் அங்கே யார்? யாரோ கழுதைக்கும் பாஸோ என்று கேட்க, மண்டபமே சிரித்தது. சிவானந்தனும் சிரித்துவிட்டார்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்தான் எத்தனையோ சாவடி தாண்டி வந்து சேர்ந்த அருமைநாயகி. கையை உயர்த்தினார்.

“தம்பி, பிறகு அவையளைப் போக விட்டவங்களோ?”

மூன்று வருஷத்தில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. பலகைகள் இடிந்த காவல் கட்டடத்தில் குவியலாகக் கிடந்தன என்று மட்டும் இருந்தது. பதினொரு வருஷம் டிக்கெட் வாங்கிப் பெட்டியில் போட்டவருக்கு அது போதும்.

“விட்டிட்டாங்கள், அக்கா. பலகை காவல்காரனிட்டை கிடக்குது. அதைக் குடுத்திட்டு அவை போயிட்டினம்.”

அருமைநாயகி நீளமாக ஒரு மூச்சு விட்டுக் கைதட்டத் தொடங்கினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பாஸ்கரன் நேரம் முடிந்த மணியை அடிக்க மறந்து நின்றார். அன்றைக்கு வடை ஆறித்தான் போனது.