சொல்தா வீட்டில் கேட்ட சத்தம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழை நேரம். காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் எங்கள் தெருவில் நடந்தது இது. நான் சாதாரணமாக எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை. கரப்பான் பூச்சிக்குக்கூட என் வீட்டுக்காரர்தான் கட்டில்மேல் ஏறுவார். ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். எங்கள் ஊரில் பூட்டின வீட்டைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை. பூட்டியிருந்தால் பிரான்சில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இவரும் மனைவியின் வைத்தியத்துக்காக, பாரிஸில் இருக்கும் மகளிடம் போனவர். போகும்போது, வளர்த்த நாயை என்ன செய்வது என்று தெரியாமல் அந்தம்மா அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. நான்தான் நெடுங்காட்டுப் பக்கம் இருக்கும் பிராணிகள் காப்பகத்தைச் சொன்னேன்.

அந்தக் காப்பகம் சுனாமிக்குப் பிறகு வந்தது. கிளிஞ்சல்மேட்டில் ஜனங்களை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகும், நாய்கள் மட்டும் இடிந்த வீடுகளையே சுற்றிக்கொண்டிருந்தனவாம். வாசலே இல்லாத இடத்தில் வாசல் காத்துப் படுத்திருந்தனவாம். நர்ஸாக இருந்த ஓர் அம்மா தினமும் சோறு கொண்டுபோய்ப் போட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து ஒரு தகரக் கொட்டகையில் வைத்துப் பார்த்தார். அப்படி ஆரம்பித்த இடத்தில் இன்று தெருநாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி எல்லாம் நடக்கிறது. வண்டியில் அடிபட்ட கன்றுக்குட்டிகளும் இருக்கின்றன. வெளிநாடு போகிறவர்கள் விட்டுப்போகும் நாய்களுக்கென்றே தனியாக ஒரு பக்கம் உண்டு. அவற்றைச் சேர்க்கும்போது வீட்டுக்காரர் உடுத்திய துணி ஒன்றைக் கேட்டு வாங்குவார்கள், நாய் அதன்மேல் படுத்துக்கொள்ள.

"துவைச்சு எடுத்துட்டு வந்துடாதீங்க. வேர்வை வாசனை இருந்தாத்தான் அது தூங்கும்" என்று அந்த நர்ஸம்மா சொன்னதும், சொல்தா அங்கேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு ஆட்டோவில் ஏறினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த ஐப்பசியில், சொல்தாவின் மனைவி பாரிஸிலேயே தவறிவிட்டார் என்று உறவுக்காரர்கள் மூலம் தகவல் வந்தது. தெருவே வருத்தப்பட்டது. அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், மழை சற்று விட்ட நேரத்தில், பூட்டிக் கிடந்த சொல்தா வீட்டுப் பக்கமிருந்து நாய் அழுகிற சத்தம் கேட்டது. ஊளை இல்லை. குழந்தை தேம்புகிற மாதிரி ஒரு முனகல். அது நின்றதும், வீட்டுக்குள்ளிருந்து டக்... டக்... என்று எதையோ தட்டுகிற சத்தம்.

முன்கேட்டில் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. என் வீட்டுக்காரர் "எலியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் ஜன்னலை இறுக்கிச் சாத்தினார்.

மறுநாளும் அதேதான். முனகல், பிறகு தட்டல். எதிர்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தி, "அவுங்க நாயிதான் நெடுங்காட்டுல கெடக்கே, இது என்ன நாயி? எனக்கென்னமோ அந்தம்மாதான் வந்திருக்குன்னு தோணுதுடி" என்றார். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டுக்கு வெளியே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். "நிம்மதியாப் போயிடும்மா" என்று அக்கா அழுதார். உள்ளேயிருந்து டக், டக் என்று கேட்டது. நின்றவர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். நானும்தான்.

மூன்றாம் நாள் காலையில் பொறுக்க முடியாமல் காப்பகத்துக்குப் போன் போட்டேன். சொல்தாவின் நாய் அங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. நர்ஸம்மா, "நானே உங்களுக்குப் பேசணும்னு இருந்தேங்க. முந்தாநாள் மத்தியானம் கம்பி வேலிக்கு அடியில மண்ணப் பறிச்சுக்கிட்டு ஓடிப்போச்சு. இவ்வளவு நாளா சோறு வச்சா தின்னும், இல்லேன்னா படுத்தே கெடக்கும். அன்னைக்கு என்ன தோணுச்சோ! படுத்திருந்த சட்டையையும் காணோம்" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் வேனில் வலையோடு வந்து இறங்கினார். எங்கள் கொல்லைப் பக்கம் இரு வீட்டுக்கும் பொதுவான மதில் மழையில் கொஞ்சம் சரிந்திருந்தது. அதன் வழியாக இருவரும் உள்ளே இறங்கினோம். முழங்கால் உயரப் புல். காலை நேரம்தான், ஆனால் மேகம் கவிந்து அந்திபோல இருட்டிக் கிடந்தது.

சொல்தா வீட்டுக் கொல்லைக் கதவோரம் அந்த நாய் நனைந்து சுருண்டிருந்தது. அதன் காலடியில் சேறான சட்டை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு இடுக்கில் மூக்கை வைத்து முனகியது.

உள்ளே டக் என்று ஒரு சத்தம்.

நான் நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த நாய் வாலை ஆட்டியது. அடுத்த தட்டலுக்கு இன்னும் வேகமாக ஆட்டியது.

"பேயைப் பாத்து எந்த நாயிங்க வாலாட்டும்? உள்ள ஆள் இருக்கு!" என்று கத்தினார் நர்ஸம்மா.

அந்தச் சத்தம் கேட்டு மதிலைத் தாண்டி வந்த வேன் டிரைவர் கதவை உடைத்தார். உள் நடையில் சொல்தா மல்லாந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். நாய் எங்கள் காலுக்கிடையில் நுழைந்து ஓடி அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் தேறிய பிறகு சொன்னார். மனைவி இல்லாத வீட்டுக்குத் தனியாக வந்தவர், யாரும் துக்கம் கேட்க வந்துவிடக் கூடாது என்று சந்துப் பக்கமாகக் கொல்லை வழியே நுழைந்து தாழ் போட்டிருக்கிறார். உள்ளே வந்ததுமே வழுக்கி விழுந்திருக்கிறார். வழியில் வாங்கிய தண்ணீர் பாட்டிலும் நடையில் இருந்த ஒரு டம்ளரும் மட்டும்தான் கைக்கு எட்டியிருக்கின்றன, போன் எட்டவில்லை. மகளோ, அப்பா இன்னும் சிம் மாற்றவில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள். அவர் வீட்டுக்குள் நுழைந்தது, நாய் வேலிக்கு அடியில் பறித்துக்கொண்டு ஓடிய அதே மத்தியானம். இத்தனை மைலுக்கு அப்பால் அதற்கு எப்படித் தெரிந்தது என்று நர்ஸம்மாவுக்கும் புரியவில்லை, எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

"நீங்க தட்டுறது கேட்டும் நாங்க வரலியேன்னு கோவமா இருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"உங்களக் கூப்பிடத் தட்டலம்மா. மொத நாளே மழையில கத்திக் கத்திக் குரல் போயிடுச்சு, விட்டுட்டேன். அது வெளிய அழுதுக்கிட்டே இருந்துச்சு. நான் இருக்கேன், அழாதன்னு சொல்றதுக்குத்தான் தட்டினேன்" என்றார்.

அன்றோடு எனக்குப் பேய் பயம் போய்விட்டது. ஆனால் ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று நாம் எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம் என்பது இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது.