திருப்பிக் கொடுக்கக் கூடாத பக்கங்கள்

எங்கள் தொழிலில் வேலையைச் சரியாகச் செய்தால் திட்டு நிச்சயம். வாடகைக் கம்ப்யூட்டரில் ஓடும் ஆஸ்பத்திரித் தகவலை, அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக்காரரே படிக்க முடியாதபடி மெமரியைப் பூட்டிவைக்கிற கெர்னல் கோடு, அதாவது சிஸ்டத்தின் அடித்தளப் புரோகிராம், எழுதுகிறேன், எம்.டெக். படித்துக்கொண்டே, திருப்பதியில். என்னைப் போல் திட்டு வாங்கும் தோழிகளே, கேளுங்கள்.

படிக்க வரலை

டெஸ்டர் பாபு அண்ணா வெளியிலிருந்து மெமரியை அள்ளிப் பார்த்தார். வெறும் குப்பை எழுத்து. உடனே என் பெயரில் ஒரு பக், அதாவது பிழைப் புகார், போட்டுவிட்டார். "அதுதானே அண்ணா வேணும்! வெளியாளுக்குப் புரியக்கூடாதுன்னுதானே இவ்ளோ பாடு?" என்று கத்தினேன். அவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"புரியக்கூடாது, சரிம்மா தல்லி. ஆனா எனக்காவது புரியணும் இல்ல?"

லீக்

வெளியே தகவல் அனுப்ப, சில மெமரிப் பக்கங்களின் பூட்டைக் கொஞ்ச நேரம் திறந்துவைக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி பூட்ட வேண்டும். வாடகைக் கம்ப்யூட்டர் சில சமயம் மறுபடி பூட்ட முடியாது என்று கைவிரித்துவிடும். அந்தத் திறந்த பக்கத்தைப் பொதுவில் திருப்பிக் கொடுத்தால், அடுத்த புரோகிராம் பூட்டியிருப்பதாக நம்பி யாருடைய எச்ஐவி ரிப்போர்ட்டையாவது அதில் எழுதிவிடும். அதனால் என் கோட்டில் ஒரு நாலு வரி அந்தப் பக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் தொலைத்துவிடும். வேண்டுமென்றே!

டீம் லீட் சுதாகர் சார் கண்ணில் பட்டதெல்லாம் மெமரி குறைவதுதான்; எங்கள் பாஷையில் அதற்கு லீக் என்று பெயர். வீட்டுக்குப் போகும் பிச்சாட்டூர் பஸ்ஸை விட்டுவிட்டு வாதாடினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு டெமோ என்று என் நாலு வரியைத் தூக்கிவிட்டார்.

"பட்டிமன்றம் போதும், வீட்டுக்குப் போம்மா. லீக்னா லீக்தான், அதுல என்ன மஞ்சி லீக்கு, கெட்ட லீக்கு?"

டெமோ

ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் பார்க்கிற விமலா மேடம் வந்தார். சார் வாயைத் திறப்பதற்குள் நான் கேட்டேன்: "பூட்ட முடியலைன்னா என்ன ஆகும்னு பாக்கலாமா மேடம்?" சார் முறைத்தார். மேடம் தலையாட்டி, தன் பெயரையே நோயாளியாகப் போட்டு, வாய்க்கு வந்த ஒரு வியாதியையும் அடித்தார். மறுபடி பூட்ட விடாமல் செய்துவிட்டு வெளியிலிருந்து பார்த்தேன். பெயர், வயசு, வியாதி, எல்லாம் பளிச்சென்று நின்றது. மேடம் முகம் சுண்டிப்போனது.

என் நாலு வரியைத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன். மெமரி கொஞ்சம் குறைந்தது. மேடத்தின் பெயர் எங்கேயும் இல்லை. "குறைஞ்சா குறையட்டும், இதுதான் வேணும்" என்றார் மேடம். சுதாகர் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் அதைத்தான் மேடம் முதல்லருந்து சொல்லிக்கினு இருக்கேன்."

என் நாலு வரி கெர்னலில் ஏறிவிட்டது, என் ரத்தக்கொதிப்புதான் இன்னும் இறங்கவில்லை.