தைத்து வைத்த பக்கங்கள்

செல்வினோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆட்டம் சூடு பிடித்ததும் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவான். எல்லாம் முடிந்தபின் இறங்கி வந்து யார் ஜெயித்தது என்று கேட்பான். அப்புறம் அதே ஆட்டத்தை முதல் பந்திலிருந்து நிம்மதியாகப் பார்ப்பான். சினிமாவும் அப்படித்தான். யாராவது பார்த்துவிட்டு வந்து முழுக் கதையையும் சொன்னால்தான் டிக்கெட் எடுப்பான். அவனுடைய அப்பா அருமைநாயகம் நாசரேத் பக்கம் உபதேசியார், சினிமா பார்ப்பதே பாவம் என்று பிள்ளையை வளர்த்தவர். அந்தப் பயத்தின் மிச்சம் இது என்று நான் சொல்வேன். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம், அவன் கீழே, நான் மாடியில். வேலையும் ஒரே துறைமுகத்தில். அவன் கிரேன் ஓட்டுகிறான். நான் சிக்னல்மேன். கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்பது உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அவனுக்குத் தெரியாது. விளிம்பில் நின்று உள்ளே பார்த்து நான் கையைக் காட்டினால் இறக்குவான், கையை மடக்கினால் நிறுத்துவான். எங்கே இறக்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு மூட்டையைக்கூடத் தூக்க மாட்டான். வேலைக்கு அது நல்லது. வீட்டிலும் அப்படியே இருந்தால் பெண்டாட்டி என்ன செய்வாள்?

அவன் மனைவி ஈவாஞ்சலின் பள்ளிக்கூடத்தில் டீச்சர், துப்பறியும் கதைப் பைத்தியம். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருவாள். அவள் இருபதாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் இவன் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, சாப்பிடும்போது கொலைகாரன் பெயரைச் சொல்லிவிடுவான். ஒருநாள் அவள் பொறுமை போய், ஊசி நூல் எடுத்துக் கடைசி அத்தியாயத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டாள். நூலகத்துப் புத்தகத்தைத் தைக்கலாமா என்று கேட்டேன். கொலைகாரன் பெயரைச் சொல்லலாமா என்று திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து எந்தப் புத்தகம் வந்தாலும் அவள் தைப்பாள், அவள் அசந்த நேரம் அவன் நகவெட்டியால் வெட்டுவான். ஒரு புத்தகம்கூடத் தப்பியதில்லை. எட்டாவது படிக்கும் மகள் ரேச்சல் அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் சைபர் மார்க் போடுவாள்.

ஒருநாள் பயணம் என்றாலும் இதே கூத்துதான். எந்த பஸ், எங்கே சாப்பாடு, கக்கூஸ் எங்கே என்று எல்லாம் தெரிந்த இடத்துக்குத்தான் கூட்டிப்போவான். மணப்பாட்டுக்கே பதினோரு தடவை போயிருக்கிறார்கள். போன டிசம்பரில் தாயும் மகளும் கொடி பிடித்தார்கள். இந்தத் தடவை நாங்கள் கூட்டிப்போகிறோம், எங்கே என்று சொல்ல மாட்டோம், பஸ் ஏறினால் தெரியும் என்றார்கள். இடம் தெரியாமல் வர மாட்டேன் என்று அவன் உட்கார்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆராதனை முடிந்ததும் அவர்கள் இருவர் மட்டும் கிளம்பினார்கள். வாசலில் நின்று ஈவாஞ்சலின் ஒரு புதுப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள். வழக்கம்போலத் தைத்திருந்தது.

"நாங்க வாரதுக்குள்ள வெட்டிராதீங்க" என்றாள். நீலச் சுடிதாரில் நின்ற ரேச்சல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. காபித் தம்ளரோடு மாடிப்படியில் நின்ற நானும் சிரித்தேன். கோவித்துக்கொண்ட செல்வின் அன்று முழுக்க அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை.

அப்போது தூறல்தான். தூத்துக்குடிக்காரன் தூறலை மழை என்று மதிக்க மாட்டான். ஆனால் அது நிற்கவில்லை. மத்தியானம் தெருவில் தண்ணீர் ஓடியது, சாயங்காலம் அவர்களைக் கூப்பிட அவன் எடுத்தபோது போன் செத்திருந்தது. திங்கட்கிழமை விடிந்தபோது செல்வினின் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். ரேடியோவையும் அந்தப் புத்தகத்தையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஏறி வந்தான். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் புகுந்துவிட்டது, ரோடும் ரயிலும் அறுந்துவிட்டன என்று ரேடியோ சொன்னது.

அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பது தெரியாது. எட்டயபுரம் பக்கம் போயிருந்தால் பயமில்லை. ஆற்றுப் பக்கம் போயிருந்தால்? பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஜெயஷீலா டீச்சர் வீட்டுக்குக் கழுத்தளவுத் தண்ணீரில் போய்க் கேட்டுவிட்டு வந்தோம். அவளுக்கும் தெரியவில்லை. கூடப் போயிருந்தால் இந்த வினை உண்டா என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவன் முதல் பக்கத்தைத் திறந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தான். சாயங்காலம் தையல் போட்ட இடத்துக்கு வந்து நிறுத்திவிட்டான்.

மிச்சத்தையும் வெட்டிப் படித்துத் தொலை, மனசாவது வேறு பக்கம் போகும் என்று நகவெட்டியை நீட்டினேன். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"கர்த்தர்கிட்ட பொருத்தனை பண்ணிருக்கேம்லே. அவுக ரெண்டு பேரும் வாரவரைக்கும் இத வெட்ட மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை தெருமுனையில் இரண்டு லாரிகள் வந்து நின்றன. மீன்பிடித் துறைக்காரர்கள் படகுகளை லாரியில் ஏற்றி, வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்கக் கிளம்பியிருந்தார்கள். ஒன்று ஸ்ரீவைகுண்டம் பக்கம், மற்றது திருச்செந்தூர் ரோடு. ஏற ஓடினோம். டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்த ஊருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

செல்வின் திரும்பி என் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். ரேச்சலுக்குக் கடல் என்றால் உயிர் என்று நினைத்தேன். வலது கையைத் தூக்கித் திருச்செந்தூர் லாரியைக் காட்டினேன். இத்தனை வருஷ வேலையில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் கை காட்டியது அந்த ஒரு தடவைதான்.

பாதி தூரம் லாரியில், மிச்சம் படகில். திருச்செந்தூர் முகாம்களில் தேடினோம். ஆலந்தலையில் கோயிலுக்குள் தங்கியிருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நீலச் சுடிதார் போட்ட பெண்ணையெல்லாம் செல்வின் தோளைத் தொட்டுத் திருப்பினான். புதன்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் ஊருக்குத் திரும்பினோம். வழியெல்லாம் பாலித்தீன் பையில் சுற்றிய புத்தகம் அவன் சட்டைக்குள் இருந்தது.

வீட்டு வாசலில் ஈவாஞ்சலின் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரேச்சல். செல்வின் மகளைக் கட்டிக்கொண்டு அழுதான். ஈவாஞ்சலின் அழவில்லை, கோபத்தில் நின்றாள். ஒரு பள்ளிக்கூட மாடியில் மூன்று நாள் கிடந்து அன்று காலைதான் வந்து சேர்ந்தார்களாம். செவ்வாய்க்கிழமை மீட்புக்காரர் ஒருவர் சாட்டிலைட் போனோடு வந்து, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார். ஆளுக்கு ஆள் முண்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தெரியும் என்று இவள் ஒதுங்கி நின்றுவிட்டாள்.

"வந்த படகையெல்லாம் அப்பாவா அப்பாவான்னு பாத்துக்கிட்டே இருந்தா உங்க மக. ஏன் வரல நீங்க?"

"எங்க போனீங்கன்னு தெரியலையே ஈவா" என்றபடி அவன் சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தான். அவள் அதையே பார்த்தாள். தையல் அப்படியே இருந்தது. அவள் முகத்திலிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரேச்சல்தான் புத்தகத்தை வாங்கி நூலைப் பல்லால் கடித்து இழுத்தது. கடைசி அத்தியாயத்துக்கு நடுவே மடித்த நோட்டுத்தாள், ரேச்சலின் கையெழுத்து.

'அப்பா, வெட்டிட்டீங்கள்ல! மார்க் சைபர். நாங்க ஆதிச்சநல்லூர் போறோம், கண்ணாடித் தரை மியூசியம் பாக்க. ஸ்ரீவைகுண்டத்துல இறங்கணும். இப்பக் கிளம்பினாலும் அடுத்த பஸ் இருக்கு. வாங்கப்பா.'

"ஒரு புத்தகமாவது வெட்டாம விட்டிருக்கீங்களா? அத நம்பித்தான உள்ள வச்சேன்" என்றாள் ஈவாஞ்சலின். குரல் உடைந்துவிட்டது.

"வெட்டினா நீங்க வர மாட்டீங்களோன்னு பயமாருந்துச்சு" என்றான் செல்வின்.

அவள் அந்தப் புத்தகத்தாலேயே அவன் தோளில் இரண்டு அடி அடித்துவிட்டு, பிறகுதான் அழுதாள். ரேச்சல் என்னைப் பார்த்து, நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா, ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று, அந்தப் பக்கம் லாரியே வரவில்லையா என்று கேட்டது. செல்வின் குனிந்து சேற்றை வழிக்க ஆரம்பித்தான். வந்தது என்று நான்தான் சொன்னேன்.