ஸ்பெயார் செட்டை

எங்கள் குடும்பத்தில் ஆகாயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பெரியப்பா. வெள்ளைக்காரன் காலத்தில் சீனன்குடா விமானத்தளத்தில் கூலிக்கு நின்றவர் என்பதால், தலைக்கு மேலே எது இரைந்தாலும் அவர்தான் விளக்கம் சொல்வார். இடி முழக்கம் உட்பட. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், அதிகம் பேசமாட்டார். அந்தப் பெரியப்பா மீது எனக்கு ஒன்பது வயதில் வந்த கோபம் இன்றைக்கும் குறையவில்லை. விலாசம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

அப்போது நாங்கள் பாலையூற்றில் இருந்தோம். தம்பி பிறந்த பிறகு அம்மா எழும்ப முடியாமல் படுத்துவிட்டா. "கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் போகாதை" என்றார் அப்பா. அந்தக் கொஞ்ச நாள் ஒரு மழைக்காலத்தை விழுங்கியும் முடியவில்லை. நான் சோறு வடித்தேன், தம்பியின் துணி தோய்த்தேன், அவன் படுத்த சேலை ஏணையை ஆட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு போவதைப் பார்த்து வேலிக்குள் நின்று பல்லிளித்துக் காட்டினேன். அதுவும் ஒரு வேலைதானே.

கன்னியர் மடத்தில் பால்மா கொடுப்பார்கள். அதை வாங்கப் போன ஒரு நாள், சிஸ்டரின் மேசையில் தடித்த மட்டைத் தாள்கள் கிடந்தன. ஆதிகாலத்து ஏரோப்பிளேன் ஒன்றின் துண்டுகள், வெட்டி ஒட்டுவதற்காக அச்சடித்தவை. ஒவ்வொரு துண்டிலும் இலக்கம். ஒரு மூலையில் முழுப் படம்: பறவைக்கு இறக்கை மாதிரி மேலே ஒரு சோடி செட்டை, கீழே ஒரு சோடி, நடுவில் கம்புகளும் கம்பிகளும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒருமுறை முயன்று ஒரு தொகுதியைக் கிழித்துவிட்டார்களாம். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றதைச் சிஸ்டர் கண்டுவிட்டா.

"இதைச் செய்வியோ?"

"ஓம் சிஸ்டர்."

"அவசரப்பட்டால் வராது, பிள்ளை. சரியா முடிச்சு அடுத்த திங்கட்கிழமை கொண்டு வா. கொண்டு வந்தாயெண்டால் நானே வந்து உன்ர அப்பாவோட கதைக்கிறன். இவ்வளவு பொறுமையுள்ள பிள்ளையை வீட்டில வைச்சிருக்க அவருக்கு மனம் வராது."

ஆகவே எனக்கு அது விளையாட்டுச் சாமான் அல்ல. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகிற வாகனம். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

அதன் ஆங்கில விளக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. இலக்கத்துக்கு இலக்கம் பார்த்து ஒட்டினேன். அப்பாவின் சவர பிளேட்டை இரண்டாக முறித்து வெட்டினேன். மடிக்கிற கோட்டைச் சாக்கு ஊசியால் முதலில் கீறிக்கொண்டால் மட்டை வெடிக்காது என்று இரண்டு துண்டைப் பாழாக்கிய பிறகு கண்டுபிடித்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். ஏணைக் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு இருப்பேன். காலால் தம்பியை ஆட்டுவது, கையால் ஏரோப்பிளேன் ஒட்டுவது. தம்பி சிணுங்கினால் காலை வேகமாக ஆட்ட வேண்டும். அப்போது கையும் ஆடும். கீழே உருளுகிற சில்லு ஒன்று அதனால் கோணலாகவே நின்றது.

கஷ்டம் மேல் செட்டைதான். அதைத் தாங்கும் கம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றது சரியும். அழுகை வந்தது. பிறகு பால்மா வந்த வெறும் தகரப் பேணிகள் கண்ணில் பட்டன. கீழ்ச் செட்டையின் மேல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேணியை நிறுத்தி, அவற்றின் மேல் செட்டையைப் படுக்க வைத்தேன். ஈர்க்குகளை அளவாக நறுக்கி, செட்டைகளில் துளையிட்டுப் பசையோடு பொருத்திக் காயவிட்டேன். அடுத்த நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேணிகளை இழுத்தேன். செட்டை நின்றது. கறுப்பு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியதும், விரலால் தட்டினால் நூல் மெல்ல இரைந்தது. அம்மா படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தா.

சனிக்கிழமை பெரியப்பா வந்தார்.

"இதென்ன, மேல்மாடி வீடு கட்டுறியோ?"

"ஏரோப்பிளேன், பெரியப்பா."

"ஏரோப்பிளேனுக்கு ஒரு சோடி செட்டைதானடி. மற்றது ஸ்பெயார். லொறிக்குப் பின்னால ஒரு ரயர் கொழுவுறதில்லையோ, அது மாதிரி. அதை ஆரும் தலையில ஒட்டுவினமோ?"

"படத்தில ரெண்டும் இருக்கு."

"படம் கீறினவன் சீனன்குடாப் பக்கம் வந்தவனோ?"

அவன் வந்திருக்கமாட்டான்தான். ஆனால் நான் ஏரோப்பிளேனைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அப்பா வாசலில் இருந்து எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். பெரியப்பா கதிரையில் இருந்தார். மடியில் என் ஏரோப்பிளேன். என் பாதி பிளேட் அவர் கையில். மேல் செட்டை நிலத்தில் கிடந்தது. ஈர்க்குகளை அடியோடு, பிசிறு இல்லாமல் நறுக்கியிருந்தார். கறுப்பு நூலை விரலில் சுற்றி ஒரு சின்ன உருண்டையாக்கி வைத்திருந்தார், பிறகு தேவைப்படும் என்பதுபோல.

"இப்பதான் பறக்கும்" என்றார்.

நான் அவர் கையைக் கடித்தேன். சும்மா பல் படவில்லை; தசையைப் பிடித்துத் தொங்கினேன். அம்மா படுக்கையிலிருந்து கத்தினா. தம்பி ஏணையில் வீரிட்டான். வீட்டில் ஒரு கோப்பை உடைந்தாலே கையை ஓங்குகிற அப்பா, அன்றைக்கு முற்றத்துப் பக்கம் திரும்பி நின்று சுருட்டுப் பற்ற வைத்தார். பெரியப்பா கையை இழுக்கவில்லை.

"கடி. நல்லாக் கடி, பிள்ளை" என்றார்.

இப்படிச் சொல்கிறவரைக் கடிப்பதில் என்ன சுகம்? விட்டுவிட்டேன்.

பின்னேரம் முழுக்க ஒட்டிப் பார்த்தேன். நறுக்கிய ஈர்க்கு நுனிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. செட்டை சரிந்து சரிந்து விழுந்தது. புதிதாக ஈர்க்கு வெட்டலாம் என்றால், கீழ்ச் செட்டையின் துளைகளில் பழைய அடிகள் இறுகிக் கிடந்தன. தோண்டினால் மட்டை கிழிகிறது. திங்கட்கிழமை நான் மடத்துக்குப் போகவில்லை. முடமான பொருளைத் தூக்கிக்கொண்டு சிஸ்டருக்கு முன்னால் நிற்க வெட்கம். இதைக்கூடச் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துவிடுவா என்ற பயம். "விடு பிள்ளை, அது போகட்டும்" என்றா அம்மா. அதற்குப் பிறகு பால்மா வாங்கப் பெரியப்பாவே சைக்கிளில் போய்வந்தார். பெரிய உபகாரம்.

அந்த வருடமும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வருடம் தங்கச்சி பிறந்தாள். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெரியப்பாவை நான் சும்மா விடவில்லை. அவர் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டேன். செருப்பில் ஒன்றைக் கிணற்றடியில் ஒளித்தேன். கல்யாணத்தன்று எல்லோர் காலிலும் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியவள், அவர் முன்னால் மட்டும் சேலை தடுக்கிறது என்று சொல்லிக் கடந்துபோனேன். எங்கேயாவது ஒப்பம் வைக்கச் சொல்லிப் பேனையை நீட்டினால், எழுத்துக் கூட்டுவதற்கு முன்பு பெரியப்பாவைத்தான் மனதுக்குள் திட்டுவேன். உப்புத் தேத்தண்ணியைக் கூட அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் செத்தவீட்டுக்கு, அவரோடு விமானத்தளத்தில் வேலை செய்த கிழவர் ஒருவர் வந்திருந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு பந்தலுக்குள் நின்றேன். கிழவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன்ர சண்டை நேரம் கப்பலில இருந்து ரெண்டடுக்குச் செட்டைப் பிளேன் வரும். கழுவுறது நானும் இவனும்தான். இவன் மேல் செட்டையில ஏறி இருந்துதான் சோத்துப் பார்சலைப் பிரிப்பான். அந்தச் செட்டையில இவனுக்கு அவ்வளவு ஆசை."

தட்டை அப்படியே கொண்டுபோய்க் குசினியில் வைத்தேன். அப்பா அதற்குச் சில வருடம் முன்பே செத்துப்போனார். அம்மா கண்ணைத் துடைத்தபடி ஒரு மூலையில் இருந்தா.

"பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு செட்டை உண்டெண்டு தெரிஞ்சிருக்கு. பிறகேன் வெட்டினவர்?"

அம்மா கண்ணைத் துடைத்த தலைப்பை இடுப்பில் செருகினா.

"உன்ர அப்பா உன்னைப் பள்ளிக்கூடம் விடுறேல்லை எண்டு முதலே முடிவு. நீ செய்து முடிக்கமாட்டாய் எண்டு நினைச்சவர். முடிச்சிட்டாய். சிஸ்டர் வந்து கேட்டால் மறுக்கேலாது, உனக்கு முகத்துக்கு நேர சொல்லவும் ஏலாது. மனுசன் தமையனிட்டப் போய் நிண்டவர். 'நான் பாக்கிறன், பிள்ளை என்னோட கோவிக்கட்டும்' எண்டு பெரியப்பாதான் சொன்னவர்."

"நீங்கள்?"

"நான் எழும்பேலாமல் கிடந்தனான், பிள்ளை. நீ போனால் குழந்தையை ஆர் பாக்கிறது?"

மூன்று பெரிய ஆட்கள் கூடி யோசித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடாமல் மறிப்பதற்கு அல்ல. அது ஏற்கெனவே தீர்ந்த கதை. அந்தப் பிள்ளை யாரோடு கோபிக்க வேண்டும் என்பதற்கு. என் கோபத்தைக்கூட அவர்கள்தான் அளந்து, வெட்டி, ஓர் ஆளின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அது காய்ந்து நன்றாகவே நின்றது.

பெரியப்பாவுக்கு அன்றைக்கு நெற்றியில் முத்தமிட்டேன். மன்னிக்கவில்லை, பிளேட்டைப் பிடித்தவர் அவர்தானே. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தைப் பார்த்துச் சுருட்டுப் புகைத்துக்கொண்டு நின்றவரின் கை என் வாய்க்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கடிக்க வேண்டிய கை அது என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.